மாட்டுக்கு ஓதிய தண்ணீர்

பேரி மரத்து வளைவில் செவலை நின்றுவிட்டது. முதுகில் இரண்டு பக்கமும் வெள்ளைப்பூண்டு மூட்டை. பள்ளங்கியிலிருந்து கோடைக்கானலுக்கு ஏறுகிற பாதையில் இன்னும் பாதி தூரம்கூட வரவில்லை. மாடு களைத்துப்போய் நிற்கவில்லை என்று கந்தம்மாளுக்குத் தெரியும். புருசன் பொன்னுவேல் இருந்தவரைக்கும் அந்த மரத்தடிக் கல்லில் குந்தி ஒரு பீடி குடித்துவிட்டுத்தான் மேலே ஓட்டுவான். ஆறு வருசப் பழக்கம். ஆள் போய் நாலு மாசமாகியும் மாடு அதை விடவில்லை. விளாரால் தொடையில் இரண்டு இழுப்பு இழுத்தாள்.

"நடலே. ஒனக்கு இங்க என்ன சோலி?"

மாடு நடந்தது.

பஜாரில் அவளுக்கு இரண்டு வேலை இருந்தது. ராவுத்தர் கடையில் பூண்டை இறக்க வேண்டும். பள்ளிவாசலில் சர்க்கரை ஓத வேண்டும். அதோடு அங்கே ஓதிக் கொடுக்கிற லெப்பையிடம் கேட்க ஒரு கேள்வியும் இருந்தது. நாலு மாசமாக அதை வேறு யாரிடமும் அவள் சொன்னதில்லை.

ஜப்பான் சண்டையால் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கண்ணில் படாத வருசம் அது. ஐப்பசியில் பொன்னுவேல் பாச்சலூர்ப் பக்கம் பொதிக்கூலிக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போனான். திரும்பும்போது ஆளும் மாடும் நோயோடு வந்தார்கள். மாட்டுக்குக் கோமாரி. வாயெல்லாம் புண், குளம்பு வெடித்துப் படுத்துவிட்டது. அவனுக்குக் குளிர்காய்ச்சல். மூன்று கம்பளி போர்த்தியும் பல் அடித்தது. "எனக்கு வேர்த்தாச் சரியாப் போயிரும். நீ மாட்டப் பாரு. வெரசா போயி லெப்பைகிட்டத் தண்ணி ஓதிட்டு வா" என்று அனுப்பியவனும் அவன்தான்.

இப்ராம்சா லெப்பை செம்பை வாங்கி, "மனுசனுக்கா, மாட்டுக்கா?" என்று கேட்டார்.

"மாட்டுக்குங்க."

"அப்பப் பூராத்தையும் ஊத்திரு தாயி, மிச்சம் வைக்காத. எந்திரிச்சு நின்னதும் சர்க்கரை கொண்டாந்து ஓதிட்டுப் போ."

அவள் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தாள். மூங்கில் குழாயில் ஊற்றி மாட்டின் வாயைப் பிளக்கும்போது பொன்னுவேல் கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

"அதுல ஒரு வாய் எனக்குக் குடுடி."

"இது மாட்டுக்கு ஓதுனது."

"நானும் பொதி சொமந்தவந்தான்."

சிரித்தான். இவளுக்கும் சிரிப்பு வந்தது. "சரி, அதுக்கே ஊத்து. அது எந்திரிச்சாத்தான் நமக்குக் கஞ்சி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். பானைத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் விடியும்போது அவன் இல்லை. பாடையைத் தூக்கிய நேரத்தில் செவலை எழுந்து நின்று புல்லுக்குக் கத்தியது.

அவள் அழுததாக யாரும் பார்க்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று பேசினார்கள். பேசட்டும். பூண்டுக்காட்டில் களைக்கொத்து பட்டுக் கால்நகம் பெயர்ந்ததையே சாயங்காலம் கால் கழுவும்போதுதான் அவள் பார்த்தாள். கஞ்சி சூடாக இருக்கிறதா ஆறிவிட்டதா என்று வாய்க்குத் தெரியவில்லை. வேலை மட்டும் நடந்தது.

பள்ளிவாசல் வாசலில் பகல் தொழுகை முடிந்து ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருத்தி இடுப்பில் அடைகாக்க மறுக்கிற கோழி. ஒருவன் கையில் புதுத் தராசுத் தட்டு. முன்னால் பங்களா பட்லர் வேலுச்சாமி, சங்கிலியில் ஒரு சடைநாயோடு. கந்தம்மாள் மாட்டைச் சுவரோரம் நிறுத்தினாள்.

"தொரைசானி நாயிங்க. மூணு நாளாத் திங்கல. அது திங்கலேன்னு அந்தம்மாவும் திங்கல. ரெண்டுக்கும் சேத்து எனக்குத்தான் ஏச்சு" என்றான் பட்லர்.

"நாயத் தள்ளிக் கட்டுப்பா, நான் கை கால் கழுவி ஒளுவோட நிக்கிறேன். அது என்ன திங்குமோ அதக் குடு" என்றார் லெப்பை.

பிஸ்கோத்துப் பொட்டலத்தை நீட்டினான். லெப்பை கண்ணை மூடி ஓதி மூன்று தடவை ஊதினார்.

"லெப்பையய்யா, இதுல ஒண்ணு எம் பொண்டாட்டிக்கும் குடுக்கலாமுங்களா? அவளும் ரெண்டு நாளாக் கோவிச்சுக்கிட்டுத் திங்கல."

எல்லோரும் சிரித்தார்கள். லெப்பைக்கும் தாடி குலுங்கியது.

"குடுப்பா. ஓதுனதுல நாய்க்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணுன்னா இருக்கு? எல்லாம் ஒரே உசுருதான்."

கந்தம்மாள் கேட்க வந்ததற்குப் பதில் அதுதான். சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கோழிக்காரி போனாள், தராசுக்காரன் போனான். இவள் முறை வந்தது.

"மாடு எந்திரிச்சிருச்சா தாயி?"

"நின்னுருச்சுங்க. பொதி சொமக்குது."

சந்தோசமாகச் சர்க்கரையை வாங்கி ஓதினார். ஓதி முடித்து நிமிர்ந்தபோதுதான் அவள் நெற்றியைப் பார்த்தார்.

"பொன்னுவேல் எங்க?"

"காச்சல்ல போயிட்டாருங்க. தண்ணி வாங்கிட்டுப் போன மூணா நாளு."

அவள் கேட்டாள். பதில் தெரிந்த பிறகும் கேட்டாள்.

"அதுல ஒரு வாய் கேட்டாருங்க. மாட்டுக்கு ஓதுனதுன்னு நாங் குடுக்கல. குடுத்திருந்தாக் காச்சல் கேட்டிருக்குமா?"

அவர் பட்லர் போன பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மாட்டுக்கு ஓதுனது மாட்டுக்குத்தான் தாயி. பட்லர்கிட்டச் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்."

அவள் முகத்தைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை.

"ஆகட்டுங்க" என்றாள்.

"ஒனக்கு ஏதாச்சும் ஓதட்டுமா?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க."

சர்க்கரையில் பாதியை இலையில் மடித்துக் கொடுத்தார். "வழியில பாக்குறவுகளுக்குக் குடு. வச்சிராத."

இறக்கத்தில் எதிரே ஒரு ஆளும் வரவில்லை. மூட்டை இல்லாத மாடு லேசாக நடந்தது. பேரி மரத்து வளைவு வந்ததும் நின்றுகொண்டது. கந்தம்மாள் விளாரை ஓங்கினாள். ஓங்கிய கை இறங்கியது, ஆனால் அடிக்கவில்லை. பொன்னுவேல் பீடியைத் தேய்த்துத் தேய்த்துக் கல்லில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த தடம் இருந்தது. நாலு மாச மழையிலும் பனியிலும் அது போகவில்லை. அதன்மேல் இலையைப் பிரித்து வைத்தாள். மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காதை ஆட்டியது, அசை போட்டது, எதற்கோ காத்திருந்தது. அவளும் பக்கத்தில் நின்றாள். சர்க்கரையை நோக்கி ஒரு எறும்பு வந்தது. பின்னால் இன்னொன்று.

ஒரு பீடி கரிகிற நேரம் ஆனது. யாரும் ஓட்டாமல் செவலை தானாகக் காலை எடுத்து வைத்தது. அவள் பின்னால் நடந்தாள்.