பட்டம் வாங்கிய கெச்சப்காரி

கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறவர்களை ரொசெண்டா பார்த்திருக்கிறாள். மாலை போட்டு, பேண்டு வாத்தியம் வைத்து, போட்டோவும் எடுத்து வெளியே தள்ளுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறாள்.

"பட்டமளிப்பு விழா அக்கா! உங்களுக்குக் கவுன், தொப்பி எல்லாம் உண்டு. மேயரே வர்றாரு," என்றாள் எஸ்டெலிட்டா மேடம். சான் அகட்டோன் ஊரின் கூட்டுச் சமையற்கூடத்துக்கு அவள்தான் நிர்வாகி.

வீட்டில் எதையாவது கிண்டி விற்றுப் பிழைக்கும் பெண்களுக்காகக் கட்டிய கூடம் அது. எவர்சில்வர் மேசைகள், நீராவியில் வேகும் பெரிய அண்டா, பாட்டிலுக்கு மூடி இறுக்கும் இயந்திரம் எல்லாம் இருந்தன. பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்து சமைப்பார்கள். ரொசெண்டாவின் முறை செவ்வாயும் வெள்ளியும். மலைச்சரிவில் இசிட்ரோ அண்ணன் விளைவிக்கும் சபா என்ற நாட்டு வாழைப்பழத்தை வேகவைத்து அரைத்து, காந்தாரி மிளகாயும் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த காடியும் சேர்த்துக் கெச்சப் போடுவாள். துறைமுகத்துப் பக்கம் இருக்கும் பெரிய கடையில் அவளுடைய பாட்டில் கண்ணாடி அலமாரியில் நின்றது. அதைப் பார்ப்பதற்காகவே ஒன்றும் வாங்காமல் அந்தக் கடைக்குள் போய்வந்த நாட்களும் உண்டு.

மூன்று வருஷம் ஆனால் வெளியே போய்ச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது கூடத்தின் விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விற்பதற்கான லைசென்ஸ் ஆளுக்குக் கொடுப்பதில்லை, அடுப்புக்குத்தான் கொடுக்கிறார்கள். பாட்டில் லேபிளில் இருப்பது கூடத்தின் விலாசம். அவள் வெளியே வந்தால் லைசென்ஸ் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். சொந்தமாக வாங்க டைல்ஸ் போட்ட தனி அறை வேண்டும், கழிவுநீர்க் குழாய் வேண்டும், இன்னும் என்னென்னவோ வேண்டும். அவளுக்கு இருந்ததோ பன்றிக் கொட்டிலை ஒட்டி ஓலை வேய்ந்த ஒற்றை அறை வீடு. வீட்டையே விற்றாலும் அப்படி ஓர் அறை கட்ட முடியாது. விற்றுவிட்டால் அறையை எங்கே கட்டுவது?

"மேடம், இந்த அடுப்ப விட்டா எனக்கு லைசென்ஸ் இல்ல. அப்புறம் நான் எங்க போய் விக்கிறது?"

"அதனாலதான் அக்கா, சொந்தமா எடுங்கன்றேன். எத்தன நாளைக்குத்தான் கைக்குழந்தையாவே இருப்பீங்க?"

"கைக்குழந்தைய யாரும் பட்டம் குடுத்து நடுத்தெருவில விடுறதில்ல மேடம்."

எஸ்டெலிட்டா வாய்விட்டுச் சிரித்தாள். "உங்க வாய்க்கே தனியா ஒரு பட்டம் குடுக்கணும்," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. மணிலாவில் நிதி கொடுக்கிறவர்கள் எத்தனை பேர் பட்டம் வாங்கிப் போனார்கள் என்று கேட்பார்கள். போய் என்ன ஆனார்கள் என்று கேட்க மாட்டார்கள். கேட்காத கேள்விக்கு அவள் ஏன் பதில் தேடப் போகிறாள்? நல்லவர்கள் செய்கிற அநியாயத்தில் இது ஒரு தொல்லை, எதிரே நின்று திட்டக்கூட வாய் வருவதில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை காலையில் இசிட்ரோ வழக்கம்போல் வண்டியில் வாழைத்தார்களோடு வந்தார்.

"இனிமே கொண்டு வராதீங்கண்ணே," என்றாள் ரொசெண்டா.

"நீ என்கிட்ட சொல்லிட்ட. பழுக்காதேன்னு மரத்துக்கு யாரு சொல்றது?"

"நான் என்னண்ணே பண்ணட்டும்? விதியாம்."

"மறுபடியும் அந்த வியாபாரிகிட்டதான் போகணுமா? அவன் என் பழத்தக் கையால தொடமாட்டான், கால்ல உருட்டிப் பாப்பான். மூணு வருஷமா நீ என்னதான் கிழிச்ச? முன்னாடியே ஒரு எடம் பாத்து வச்சிருக்க வேணாமா?"

அவர் சொன்னது நியாயமே இல்லை. ஆனால் அவரும் வேறு யாரிடம் போய்க் கத்துவார்? பல்லைக் கடித்துக்கொண்டு தார்களை இறக்கினாள்.

விழா, கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்தில் நடந்தது. புழுக்கத்தில் நீலக் கவுன் உடம்போடு ஒட்டிக்கொண்டது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் படிப்பு முடித்துப் போகிறவர்கள் இளையவர்களிடம் அலங்காரச் சாவி ஒன்றைக் கொடுப்பது வழக்கம். அதைப்போல இங்கே ரிப்பன் கட்டிய பெரிய மர அகப்பையைக் கைமாற்ற ஏற்பாடு. வாங்கப்போகிறவள் மரிலு, இஞ்சி மிட்டாய் செய்கிற சின்னப் பெண். இனிமேல் செவ்வாயும் வெள்ளியும் அவளுடையவை. முன்வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

மேயர் இவள் பெயரை ரொசாலிண்டா என்று படித்தார். பட்டத்தையும் அகப்பையையும் கொடுத்தார். எஸ்டெலிட்டா எழுதித் தந்த நன்றியுரையோடு ரொசெண்டா மைக் முன்னால் வந்தாள். முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது வரி, "இனி என் சொந்தக் காலில்" என்று தொடங்கியது. அதற்கு மேல் அவளுக்கு ஓடவில்லை.

"செவ்வாக்கிழம நான் எங்க சமைக்கிறது?" என்று கேட்டாள்.

கூட்டம் சிரித்தது. அக்கா தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

"சிரிக்காதீங்க. நெசமாத்தான் கேக்குறேன். லைசென்ஸ் அந்தக் கட்டடத்துக்கு. என்னை வெளிய அனுப்பிட்டு லைசென்ஸ உள்ளயே வச்சுக்கிறாங்க. அந்தப் பெரிய கட இனிமே என் பாட்டிலத் தொடாது. இதுக்குப் பேரு பட்டமா? எனக்கு முன்னாடி போனவங்க எல்லாம் இப்ப எங்க இருக்காங்க? யாராவது ஒருத்தி…"

எஸ்டெலிட்டா வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பேண்டு முழங்கியது. ரொசெண்டா தொண்டை கிழியக் கத்தினாள். யார் காதிலும் விழவில்லை. ஆத்திரத்தில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மேயர் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க!" என்று மைக்கில் சொன்னார். கேமராக்கள் மின்னின. மேடைக்கு வந்த மரிலு அகப்பையின் மறுமுனையைப் பிடித்தபடி, "விடுங்கக்கா, எல்லாரும் பாக்குறாங்க," என்று கெஞ்சினாள். இந்தப் பெண் என்ன பாவம் செய்தது? ரொசெண்டா விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. கடைக்காரர்கள் மீதி பாட்டில்களைப் பெட்டியோடு திருப்பி அனுப்பினார்கள். அவள் வீட்டு அடுப்பில் காய்ச்சி, பிளாஸ்டிக் பையில் கட்டி, சந்தையில் மீன் பொரிப்பவர்களுக்கு விற்றாள். பெயரில்லாத கெச்சப், ஊரில் ஆயிரம் பேர் விற்கிற கெச்சப். இசிட்ரோவின் பழத்தில் பாதி மறுபடி வியாபாரியின் காலடிக்குப் போனது. வயிறு எரிந்தது அவளுக்கு. எரிகிற வயிற்றோடு கிண்டினாள், விற்றாள், தூங்கினாள்.

ஒருநாள் சந்தைக்குப் போகும் வழியில் கூடத்து வாசலில் பெண்கள் கூட்டம். மேலே புதிதாக ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். அதில் அவள் முகம், வாசலை அடைத்துக்கொண்டு அத்தனை பெரிசு. கன்னம் முழுக்கக் கண்ணீர். பக்கத்தில் மேயர் சிரிக்கிறார். கீழே கொட்டை எழுத்தில்: "ஆனந்தக் கண்ணீர்! அடுத்தது நீங்களா? இன்றே விண்ணப்பியுங்கள்."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். வரிசையில் நின்ற ஒருத்தி பேனரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்கதானே அது? இப்ப உங்களுக்குச் சொந்தமா ஃபேக்டரி இருக்காமே?"

"யாரு சொன்னா?"

"மேடம்தான்."

ரொசெண்டா கெச்சப் பைகளைக் கீழே வைத்தாள். "ஃபேக்டரி இதுதான்," என்றாள். பிறகு போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் எஸ்டெலிட்டா வெளியே ஓடிவந்தாள். "அக்கா! நீங்க ஏன் இங்க? நீங்கதான் பட்டம் வாங்கிட்டீங்களே. மறுபடி விண்ணப்பிக்க விதியில எடமில்ல. வாங்க, உள்ள போய்ப் பேசிக்கலாம்."

"உள்ள எதுக்கு? இங்கயே பேசு."

மூன்று வருஷத்தில் அவள் மேடத்தை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. எஸ்டெலிட்டா வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன் பட்டத்த நீயே வச்சுக்க," என்றாள் ரொசெண்டா. "என் அடுப்பக் குடு. அடுப்பு தரமுடியாதுன்னா லைசென்ஸக் குடு. ரெண்டும் முடியாதுன்னா என் மூஞ்சியக் கீழ இறக்கு. நான் அழுதது உன்னால."

"அக்கா, மெதுவா. எல்லாரும் கேக்குறாங்க."

"கேக்கட்டும்டி. கேக்கணும்னுதான் சொல்றேன்."

வரிசை அசையவில்லை. யாரும் கலைந்து போகவும் இல்லை. பாவம், அவர்களுக்கும் மூன்று வருஷ அடுப்பு வேண்டியிருந்தது. அப்போது எல்லாருக்கும் முன்னால் நின்றவள், விண்ணப்பத்தை நீட்டப்போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டாள்:

"மேடம், இந்த லைசென்ஸ் யார் பேர்ல வரும்?"