நானூறு கிலோமீட்டரும் ஒரு வால்வு மூடியும்

1

இந்தக் கதை என் மச்சானின் மூக்கை உடைக்க வேண்டும் என்ற ஒரே நல்லெண்ணத்தில் தொடங்கப்பட்டது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். போன மாதம் யாரோ பயன்படுத்திய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னை அதில் உட்கார வைத்து, வேகமானியைத் தொட்டுக் காட்டினார்.

"முந்நூத்தி நாப்பது மாப்ள."

"அச்சடிச்சிருக்கு மச்சான். போகுமா?"

"போகாமலா அச்சடிப்பான்?"

அப்போது நாங்கள் சிக்னலில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்றிருந்தோம். சிக்னல் விழுந்த பிறகு இருபத்திரண்டைத் தொட்டோம். "நீதான் எழுதற ஆளாச்சே, கண்டுபிடிச்சு எழுது பாப்போம்" என்றார். விடுவேனா?

2

முதல் தொடக்கம்: "விடியற்காலைப் பனியைக் கிழித்துக்கொண்டு அந்தக் கார் ஒரு சிறுத்தையைப் போல" [நிறுத்திவிட்டேன். நானூறில் போகும் காருக்குச் சிறுத்தையை உவமை சொன்னால் காருக்கு அவமானம், சிறுத்தைக்கும் சங்கடம்.]

இரண்டாம் தொடக்கம்: "வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதை வெல்லத் தேவைப்படும் இன்ஜின் திறனோ எட்டு மடங்கு" [என் மனைவி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்குப் பரீட்சை?" என்று கேட்டாள். வரியை அடித்துவிட்டேன்.]

ஆனால் அடித்த வரி பொய்யில்லை. இருநூறிலிருந்து நானூறுக்குப் போவது இன்னொரு இருநூறு இல்லை, அது வேறு ஜென்மம். வேகமானி எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். பல கார்களை அவற்றைச் செய்தவர்களே ஒரு வேகத்துக்கு மேல் போகாதபடி கட்டிவைத்திருக்கிறார்கள். உண்மையான உச்ச வேகம் தெரிய வேண்டுமென்றால் நீண்ட நேர்ச் சாலை வேண்டும். அதில் ஒரு முறை போய், ஒரு மணி நேரத்துக்குள் அதே வழியில் எதிர்த்திசையில் திரும்பி வர வேண்டும். போகும்போது முதுகைத் தள்ளிய காற்று வரும்போது முகத்தில் அறையும். இரண்டின் சராசரிதான் கணக்கு. ஒரு திசையில் மட்டும் போய்விட்டு வந்து பீற்றிக்கொண்டால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு ஓர் ஆள் கிடைத்தாள். காரை ஓட்டுபவன் இல்லை, டயர் மாட்டுபவள்.

3

அவளை எல்லோரும் டயரக்கா என்பார்கள். வயது நாற்பத்தெட்டு. ஓட்டுபவன் அவளுடைய சொந்தத் தம்பி, அவனுக்கு நாற்பத்தைந்து. ஒரு சின்னப் பட்டறை தானே கட்டிய காரை நானூறில் ஓட்டிக் காட்ட நினைக்கிறது. ஒன்பது கிலோமீட்டர் சாலையை ஒரே ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். இருப்பது கடைசி நான்கு டயர்கள். அடுத்த காருக்கு முதலாளி ஓர் இளம் ஓட்டுநரைப் பார்த்து வைத்துவிட்டார். தம்பிக்கு இது தெரியும், அக்காவுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

(முதலாளியை வில்லனாக்கலாம் என்று மூன்று பக்கம் முயன்றேன். ஆள் ஒத்துழைக்கவில்லை. எல்லோருக்கும் தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த டீயை நினைவில் வையுங்கள்.)

போகும் ஓட்டம் முடிந்தது. வேகத்தைக் கணக்கிடும் கடிகாரக்காரர் திரையைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானூத்தி எட்டு" என்றார். திரும்பும்போது முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வந்தால் போதும், சராசரி நானூறு.

சாலையின் மறுகோடியில் டயரக்கா சூடான டயர்களில் காற்றழுத்தம் பார்த்தாள். அவளுக்கென்று ஒரு முறை உண்டு. நான்கு வால்வு மூடிகளையும் கழற்றி இடது சட்டைப் பையில் போடுவாள், அளப்பாள், வரிசையாகத் திரும்ப மாட்டுவாள். அதே பையில் உபரியாக ஒரு மூடியும் எப்போதும் இருக்கும்.

அடிக்குறிப்பு போல ஒன்று: வால்வு மூடி என்பது விரல் நுனியளவு உலோகம். எடை இரண்டு கிராம். நானூறில் சக்கரம் நொடிக்கு ஐம்பது சுற்றுக்கு மேல் சுற்றும்போது அந்த இரண்டு கிராம் ஐந்து கிலோவாக இழுக்கும். வால்வுக்குள் இருக்கும் ஊசிக்கும் அதே கதிதான். அது அமுங்கிக் காற்று கசியலாம். கசியாமல் பிடித்துக்கொள்வது மூடி. நானூறில் டயர் காற்று இழந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதப் போவதில்லை.

மூன்று மூடிகளை மாட்டிவிட்டு நான்காவது சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தபோது முதலாளி வந்து நின்றார்.

"டயரக்கா, உங்களுக்குச் சர்க்கரை எத்தனை?"

"ஒண்ணு போதும் சார்."

இவ்வளவுதான் நடந்தது. மனுஷன் நல்லவராக இருந்ததுதான் வினை.

4

தம்பி கண்ணாடிக்குப் பின்னால் கட்டை விரலைக் காட்டினான். அவள் கூரையை இரண்டு முறை தட்டினாள். கார் கிளம்பியது. ஒரு மணி நேரத்தில் ஐம்பத்திரண்டு நிமிடம் தீர்ந்திருந்தது.

துணி எடுக்கச் சட்டைப் பைக்குள் கைவிட்டவளின் விரலில் ஒரு மூடி தட்டுப்பட்டது.

அது உபரி மூடியாகத்தான் இருக்கும். எப்போதும் இருப்பதுதான். ஆனால் காலையில் சட்டையில் கிரீஸ் கொட்டி, வேறு சட்டை மாற்றியிருந்தாள். பழைய சட்டையிலிருந்து உபரி மூடியை எடுத்து இதில் போட்டாளா? போட்ட மாதிரியும் இருந்தது, போடாத மாதிரியும் இருந்தது. நான்காவது சக்கரத்தில் மூடியைத் திருகியதை நினைத்துப் பார்த்தாள். சர்க்கரைதான் நினைவுக்கு வந்தது.

[இங்கே அவளுடைய சின்ன வயசை ஒரு பத்தி எழுதியிருந்தேன். தம்பியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிவிட்டது, அவன் விழுந்தது, பல் உடைந்தது. நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் கார் இருநூற்றைம்பதைத் தாண்டிவிட்டது, எனக்கு நேரமில்லை.]

வயர்லெஸ் விஷயத்தில் அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. ஓடும்போது யாரும் ஓட்டுநரிடம் பேசக் கூடாது. பேசினால் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் இரண்டே சொல்தான், அதற்கு மறுகேள்வி கிடையாது.

திரையில் காரின் வேகம் ஏறிக்கொண்டிருந்தது. முந்நூறு. சொன்னால் நானூற்றெட்டு செத்துப்போகும். இன்னொரு டயர் இல்லை, நாளை இந்தச் சாலை இல்லை, அடுத்த காரில் அவன் இல்லை. சட்டைப் பையிலிருந்த உபரி மூடிக்காகத் தம்பியின் ஒரே நாளைக் கெடுத்தவள் என்று ஆயுசுக்கும் பேர் வாங்க வேண்டும். முந்நூற்று நாற்பது. (மச்சான், உங்கள் வேகமானி இங்கே முடிகிறது.) சொல்லாவிட்டால், ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"டேய், காலை எடு."

முந்நூற்று எழுபத்தொன்றில் எண் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது.

5

இதுவரை எழுதியதை மச்சானிடம் கொடுத்தேன். மூக்கை உடைக்கும் திட்டத்தை எப்போது கைவிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் படித்துவிட்டு, "இங்கதான் இடிக்குது மாப்ள" என்றார். "அவன் ஏன் எடுத்தான்? இன்னும் கொஞ்சம்தானே? என்ன ஏதுன்னு கேட்டிருக்கலாமே."

எனக்கும் அந்தப் பாத்திரத்தின் மேல் அரை மனசுதான். இருபது வருடமாக ஒரே எண்ணுக்காக வாழ்ந்தவன் அவ்வளவு சுலபமாகக் காலை எடுப்பானா?

துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமல் கேட்டாள்: "அண்ணா, நான் சொன்னா நீ எடுப்பியா?"

மச்சான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எடுப்பேன்."

"அவ்வளவுதானே" என்றாள் அவள். என் பாத்திரம் அன்றைக்குப் பிழைத்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவரோடு இன்னொரு சுற்று அந்தக் காரில் போகக்கூடத் தயாராக இருந்தேன்.

"சரி, மூடி இருந்துச்சா இல்லையா?" என்றார் மச்சான்.

6

முடிவு அ: நான்காவது மூடி இறுக்கமாக இருந்தது. பையிலிருந்தது உபரிதான். வீணாக நிறுத்தினாள். [எழுதிப் பார்த்தேன். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.]

முடிவு ஆ: மூடி இல்லை. வால்வு கசிந்துகொண்டிருந்தது. அவள் தம்பியைக் காப்பாற்றினாள், எல்லோரும் கைதட்டினார்கள். [இதில் அவள் செய்தது சரி என்று சொல்ல ஒரு மூடி தொலைய வேண்டியிருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. மூடி இருந்தாலும் அவள் செய்தது சரிதான்.]

முடிவு இ என்று ஒன்றில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

டயரக்கா வேனில் போய் இறங்கினாள். கார் சாலையோரம் நின்றிருந்தது. முதல் சக்கரம், மூடி இருந்தது. இரண்டாவது, இருந்தது. மூன்றாவது, இருந்தது. நான்காவது சக்கரத்தில் சாய்ந்து தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். தலைக்கவசம் மடியில் இருந்தது. அவள் கைக்குள் வியர்த்துப்போன மூடியைப் பார்த்தான். புரிந்துகொண்டான்.

"கொஞ்சம் தள்ளு. பாக்கணும்."

"பாக்காதக்கா."

"ஏன்டா?"

"மூடி இருந்தா நீ அழுவ. இல்லன்னா நான் அழுவேன்." அவன் பக்கத்துத் தரையைத் தட்டினான். "உக்காரு. எவ்வளவு வந்துச்சு?"

"முந்நூத்தி எழுபத்தொண்ணு."

"எதிர்காத்துலயா? பரவால்லையே" என்று சிரித்தான். சைக்கிளில் விழுந்தபோது உடைந்த பல் தெரிந்தது.

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் டயரில் சாய்ந்துகொண்டாள். டயர் இன்னும் சூடாக இருந்தது. வேன் பக்கமிருந்து முதலாளி இரண்டு டீயைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார்.

மச்சான் எழுந்து கீழே போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்: சிவப்புக் காரின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முட்டி போட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருக்கும். நியாயம்தான். வால்வு அவர்கள் இருவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கொஞ்சம் நகரச் சொன்னால் பார்த்துவிடலாம். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, நீங்கள் சொல்லிப் பாருங்கள்.