ஓரகத்தியின் கோழி எரு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கோழிகளை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. இதையெல்லாம் கேட்டுவிட்டு யாராவது என்னிடம் வந்து, மனசு மாறிட்டீங்களா என்று கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மொத்தம் நான்கு கோழிகள். வளர்த்தவள் என் ஓரகத்தி, என் கொழுந்தனின் மனைவி. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள் என்பதால் அவற்றுக்கு டானிக், சிரப், களிம்பு, மாத்திரை என்று பெயர் வைத்திருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவை வந்தும் தொலைக்கும், அதுதான் கூடுதல் எரிச்சல். மாமனார் எங்கள் இருவரையும் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அவள் சின்னவள்தான்.

எல்லோருக்கும் ஒரே வீடு, ஒரே சமையலறை. கூடம் மாமனாருடையது. மாடி அறை சின்னவளுடையது. என் தையல் மெஷினுக்கு நடைவழியில் இடம். பள்ளிச் சீருடை தைக்கிறேன். உள்ளே போகிறவர் வெளியே வருகிறவர் எல்லோரும் என் முழங்கையை ஒரு இடி இடித்துவிட்டுத்தான் போவார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த காய்கறித் தோட்டம் மட்டும்தான் என்னுடையது. இந்த வீட்டில் என்னுடையது என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வேறு எதுவும் கிடையாது.

அதை ஒட்டித்தான் சின்னவளின் கோழிக் கூண்டு, நடுவில் ஒரு வலை மட்டும். சிரப் அந்த வலையைத் தாண்டிக் குதித்து, முளைத்து ஒரு வாரமே ஆன வெண்டைக் கன்றுகளைக் கிளறிப் போட்டது. நான் போட்ட சத்தத்தில் மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். நில அளவைத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தச் சண்டையானாலும் அவருக்கு முதலில் அளந்தாக வேண்டும். என் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து நிமிர்ந்து அரை மணி நேரம் அளந்தார்.

"கூண்டும் தோட்டமும் சேந்து இருபதடிக்குப் பன்னெண்டடி. இதுக்குள்ள ரெண்டும் ஒத்துப் போகாது," என்றார். "ஒரு மாசம் பாக்கறேன். சமையலறைக்கு எது அதிகமா குடுக்குதோ அதுக்கு முழு இடமும். இன்னொண்ணு கிளம்பணும்."

"சரி மாமா," என்றாள் சின்னவள். அவளுக்கு எல்லாமே சரி மாமாதான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோழிகளுக்கு என்ன, தின்றன, முட்டை போட்டன. தினமும் காலையில் அடுப்பு மேடையில் மூன்று முட்டை வந்து உட்கார்ந்திருக்கும். என் கத்திரியும் தக்காளியும் அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டு ஒன்றிரண்டு பூ விட்டிருந்தன. நான் தினமும் போய் முன்னால் நின்று பார்த்தேன். திட்டியும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாற்றுக்கடைக்காரர் ஒரு பேன்ட்டின் நீளத்தைக் குறைக்கக் கொண்டுவந்தார். அவரிடம் என் கவலையைச் சொன்னேன்.

"கோழி எரு போடுங்கம்மா. அதுக்கு மிஞ்சி ஒண்ணும் கிடையாது. ஆனா அத முதல்ல..."

"தெரியும், தெரியும்," என்றேன்.

எனக்குத் தெரியாது. யாராவது பாடம் எடுக்க ஆரம்பித்தால் என் வாய் தானாக அப்படிச் சொல்லிவிடும். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். பதினெட்டு வருஷமாக அவர் ஆரம்பித்த ஒரு வாக்கியத்தையும் நான் முடிக்க விட்டதில்லை என்பார். அதையும் நான் முடிக்க விட்டதில்லை.

கோழி எருவுக்கு எங்கே போவது? வலைக்கு அந்தப் பக்கமே மலை மாதிரி இருந்தது. சின்னவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆனால் அவள் கோழியை ஒழித்துக்கட்ட அவள் கோழியின் எச்சத்தையே அவளிடம் கேட்பதற்கு எனக்கென்ன, முகம் இரும்பிலா செய்திருக்கிறது? அதனால் திருடினேன்.

காலை ஒன்பது மணிக்கு அவள் கடைக்குக் கிளம்பியதும் மாமனார் கூடத்தில் பேப்பருக்குள் போய்விடுவார். நான் சீருடைத் துணியின் வெட்டு மிச்சத்தை மூக்கில் கட்டிக்கொண்டு, ஒரு பழைய வாளியோடு கோழிக் கூண்டுக்குள் நுழைவேன். நாற்றம் கண்ணைக் கரிக்கும். டானிக்கும் களிம்பும் ஒதுங்கி நிற்கும். மாத்திரை மட்டும் நகராது. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். "என்னடி பாக்கற, உன்னோடதுதான். வேணும்னா திருப்பி வாங்கிக்கோ," என்று அதனிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

நான்கு நாள் வாளி வாளியாக அள்ளி, ஒவ்வொரு செடியின் காலடியிலும் தாராளமாகப் போட்டேன். ஐந்தாம் நாள் கத்திரி இலைகளின் ஓரம் பழுப்பானது. சத்து ஏறுகிறது என்று நினைத்தேன். ஏழாம் நாள் இலைகள் சுருண்டு தொங்கின. தக்காளி, நெருப்புப் பட்டது போலக் கருகி நின்றது.

பேன்ட்டை வாங்க வந்த நாற்றுக்கடைக்காரர் நடைவழியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். "பச்சை எருவ அப்படியேவா போட்டீங்க? அது செடிய எரிச்சுடும்மா. சருகு கலந்து குவிச்சு, நாலஞ்சு மாசம் மக்க விட்டுதான் போடணும். அன்னிக்கு அதத்தான் சொல்ல வந்தேன்."

"பேன்ட் நீளம் சரியா இருக்கான்னு பாருங்க," என்றேன்.

அன்று சாயங்காலமே மாமனார் தோட்டத்துக்குள் போய்விட்டார். பாத்தி பாத்தியாக நடந்து பார்த்தார். சின்னவள் அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தாள். தோள் பையைக்கூட இறக்கவில்லை.

"கோழி உள்ள புகுந்தா அங்கங்க போட்டுட்டுப் போகும்," என்றார் மாமனார். "இது செடிக்குச் செடி அளவு வச்சுப் போட்டிருக்கு. மனுஷங்க வேலை. வேணும்னே போட்டுக் கருக்கியிருக்காங்க." பிறகு சின்னவளைப் பார்த்தார். "கோழி யாருது, எச்சம் யாருதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. போட்டின்னா நேரா நின்னு ஜெயிக்கணும்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள நாலும் வீட்ட விட்டுப் போகணும்."

சின்னவள் என்னை ஒரு முறை பார்த்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை. "சரி மாமா," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நான் ஜெயித்துவிட்டேன். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இருபதுக்குப் பன்னிரண்டு முழுதும் எனக்கு. நானும் பேசாமல்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்த மூன்று நாளும் நான் தைத்த சட்டைகளில் இரண்டுக்கு ஒரே பக்கத்தில் இரண்டு கையையும் வைத்துத் தைத்துவிட்டேன். உடம்பு சரியில்லையா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அந்த வாக்கியத்தை மட்டும் அவரை முடிக்க விட்டு, அப்படியெல்லாம் இல்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, கோழிகளை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்த தெருமுனைப் பேக்கரிக்காரர் அட்டைப் பெட்டிகளோடு வந்தார். சின்னவள் ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் கொடுத்தாள். அழவில்லை. கடையில் மருந்து கொடுக்கும்போது சொல்வாளே, அதே குரலில் ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். "களிம்பு பழைய தண்ணி குடிக்காதுங்க, காலையில ஒரு வாட்டி மாத்திடுங்க. சிரப்புக்கு இடி சத்தம்னா பயம். மாத்திரை யாரோடயும் ஒட்டாது, ஆனா கொஞ்சம் பேச்சுக் குடுத்தா நின்னு கேட்டுக்கும்."

எனக்கு மெஷினில் காலை வைக்க முடியவில்லை. எழுந்து பின்பக்கம் போனேன்.

"பெட்டிய கீழ வைங்க," என்றேன் பேக்கரிக்காரரிடம். மாமனார் திரும்பினார். "மாமா, அவ போடல. நான்தான் போட்டேன். அவ கடைக்குப் போன பிறகு நாலு நாள் கூண்டுல இருந்து திருடிப் போட்டேன். செடி நல்லா வரும்னு நெனச்சேன். எரிச்சுடும்னு எனக்குத் தெரியாது."

பேக்கரிக்காரர் என்னையும் பார்த்தார், கூண்டோரம் கிடந்த என் பழைய வாளியையும் பார்த்தார். எச்சத்தைத் திருடியவளை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

"உனக்கு இது தெரியுமா?" என்று மாமனார் சின்னவளைக் கேட்டார்.

"கூண்டு நாலு நாளா பளிச்சுன்னு இருந்துச்சு மாமா. அக்காவோட துணி பிட்டு ஒண்ணு உள்ள கெடந்துச்சு. எனக்கும் பெருக்கற வேலை மிச்சம்னு பேசாம இருந்துட்டேன்."

"அப்போ நான் சொன்னப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"அக்கா சொல்வாங்கன்னு பாத்தேன்."

என் காது வரைக்கும் சூடாகிவிட்டது. மாமனார் தொண்டையைச் செருமினார். அளந்தவர் அளந்தவர்தான், மருமகளுக்காக எல்லைக் கல்லை நகர்த்த மாட்டார்.

"அப்போ தீர்ப்பு மாறுது. முழு இடமும் சின்னவளுக்கு. பெரியவளே, உன் செடி, வலை எல்லாத்தையும் எடுத்துடு."

நான் தலையாட்டினேன். என் தோட்டம் போயிற்று. கையைக் கட்டிக்கொண்டு அந்தக் கருகின தக்காளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்த்துப் பேச எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை, என் வாழ்க்கையிலேயே அது முதல் தடவை.

"முழு இடமும் எனக்குத்தானே மாமா?" என்று கேட்டாள் சின்னவள்.

"ஆமா."

"அதுல நான் என்ன வேணா பண்ணிக்கலாமா?"

"உன் இடம். உன் இஷ்டம்."

"அப்போ அக்காவோட தோட்டம் அங்கயே இருக்கட்டும்."

பேக்கரிக்காரர் தானாகவே பெட்டியைத் திறந்துவிட்டார். சின்னவள் பாத்திக்குள் இறங்கி உட்கார்ந்து, செடிகளைச் சுற்றியிருந்த எச்சத்தைக் கையுறை போட்ட கையால் வழிக்க ஆரம்பித்தாள். "தண்ணி நிறைய விட்டா வேர்ல இருக்கற காரம் இறங்கிடும்க்கா. தக்காளி தேறாது. கத்திரியில நாலு பொழைக்கும்."

நான் குழாயைத் திறந்து ரப்பர் ட்யூபைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நன்றி சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக அவள் கை வைத்த இடத்தில் எல்லாம் தண்ணீரை விட்டேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேக்கா," என்றாள், நிமிராமலே.

"தெரியும். கேட்டா நீ குடுத்துடுவ. அதுக்கப்புறம் நான் உன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சண்ட போடறது? அதனாலதாண்டி கேக்கல," என்றேன்.