கூரைக்கு வராத தண்ணீர்

புளியங்கூடல் முன்பள்ளியின் கூரைக்குக் கம்பி கட்டி முடிந்திருந்தது. கலவை மிசினைச் சுற்றி ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். சீமெந்து, மணல், கல் எல்லாம் இருந்தன. தண்ணீர்தான் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்த பவுசர் மண்டைதீவுச் சந்தியில் ரயர் வெடித்து நின்றுவிட்டது.

நிர்வாகத் தலைவர் செல்வரத்தினம் கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐயர் குறித்துக் கொடுத்த சுபநேரம் முடிவதற்குள் முதல் தாச்சிக் கலவை மேலே போய்விட வேண்டும். இந்த ஊரில் யாரும் நேரம் தவறிக் கூரை போட்டதில்லை.

"ஜெகதீஸ், கிணத்துத் தண்ணியை அள்ளுங்கோ," என்றார் மேசனிடம்.

"பொறுங்கோ ஐயா," என்றாள் துஷாந்தி. "அது உப்புத் தண்ணி. கம்பி கறள் பிடிச்சுக் கொங்கிறீற் வெடிச்சுப்போம். சின்னப் பிள்ளையளின்ர தலைக்கு மேல வாற கூரை. பவுசர் வரட்டும்."

"எங்கட கிணறும் உப்புத்தான். வீடு என்ன விழுந்தே போச்சு?"

"உங்கட வீடு ஓட்டு வீடு. அதின்ர கூரைக்குள்ள கம்பி இல்லை."

யாரோ சிரித்தார்கள். செல்வரத்தினத்தின் முகம் கறுத்தது. அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனார்.

அவளுடைய மேலதிகாரி தயாபரன் சேருக்குத்தான் எடுக்கிறார் என்று துஷாந்திக்குத் தெரியும். இந்தக் கட்டடத்துக்குப் படம் கீறிய கட்டடக்கலைஞர் அவள்தான். ஆனால் அலுவலகத்தில் சேர்ந்த நாள் முதல் சேர் அவளைக் கதிரையை விட்டு எழும்ப விட்டதில்லை. பெண்பிள்ளைகள் படம் கீறினால் போதும், வெயிலுக்குள் ஏன் என்பார். தன்னையும் கட்டடத் தளத்துக்கு அனுப்பச் சொல்லிக் கூட்டத்துக்குக் கூட்டம் எழும்பிக் கேட்டாள். 'தொழிற்சங்கம் வருது' என்று முதுகுக்குப் பின்னால் நையாண்டி செய்தார்கள். அவளுக்குப் பிறகு வந்த கஜீபன் தளங்களெல்லாம் சுற்றினான். போன வருடம் வேலணையில் இதே உப்புத் தண்ணீருக்காக அவன் வேலையை நிறுத்தியபோது, சேர் எல்லோருக்கும் முன்னால் அவன் தோளில் தட்டினார். இந்த முன்பள்ளிக்குக் காசு தந்த லண்டன்காரர்கள் பெண்களுக்கும் இடம் கொடுக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அவளுக்கு ஒரு ஹெல்மெட் கிடைத்தது. அது தெரிந்தும் வந்திருந்தாள்.

செல்வரத்தினம் தொலைபேசியை நீட்டினார்.

"துஷாந்தி, அவை ஊர்ச்சனம். நாள், நேரம் பாப்பினம். நீர் கொஞ்சம் விட்டுக்குடும்," என்றது சேரின் குரல்.

"சேர், வேலணையில கஜீபன் இதுக்குத்தானே நிப்பாட்டினவர்?"

"அது வேற. அவருக்கு ஆக்களைச் சமாளிக்கத் தெரியும். இதுக்குத்தான் பொம்பிளையளை அனுப்பப் பயப்பிடுறனான். போனை அவரிட்டைக் குடும்."

தொலைபேசியைக் கொடுத்துவிட்டுக் கிணற்றடியில் போய் நின்றாள்.

"ஒருத்தரும் அள்ளக்கூடாது."

"எனக்கு விளங்குது மிஸ்," என்றார் ஜெகதீஸ். "ஆனா சேர் சொல்லிப்போட்டார். நான் என்ன செய்ய?" அவளைச் சுற்றிக்கொண்டு போய் மற்றப் பக்கத்தால் வாளியை இறக்கினார். மிசின் சுழலத் தொடங்கியது. சுபநேரம் தவறாமல் முதல் தாச்சி ஏணியில் ஏறியது.

"ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு இதில நில்லுங்கோ பிள்ளை," என்றார் செல்வரத்தினம். இப்போது அவருக்குக் கோபமே இல்லை. "லண்டனுக்குப் படம் அனுப்ப வேணும். பொம்பிளை ஆக்கிடெக்ட் எண்டால் அவைக்குச் சரியான சந்தோசம்."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிச் சீமெந்துப் பைகளின் மேல் வைத்தாள். அவர் ஹெல்மெட்டோடு சேர்த்துக் கூரையைப் படம் எடுத்தார்.

கூரை நிரம்பி, மட்டப்பலகை இழுத்து முடிந்த பிறகு பவுசர் வந்தது. வேலையாட்களுக்குச் சமைத்த சோறும் ஆட்டிறைச்சியும் தயாராக இருந்தன. ஆண்கள் குழாயைத் திறந்துவிட்டுக் கை கால் கழுவினார்கள். உப்புத் தண்ணீரில் நுரைக்காத சவர்க்காரம் இதில் பொங்கி நுரைத்தது. செல்வரத்தினம் ஒரு செம்பு நிறைய ஏந்திக்கொண்டு துஷாந்தியிடம் வந்தார்.

"குடியுங்கோ பிள்ளை. நல்ல தண்ணி," என்றார். பிறகு குசினிப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்: "மிச்சத்தில சட்டி பானையைக் கழுவுங்கோ. வீணாக்கக் கூடாது."