ரோஜாவுக்குக் கை தட்டியவர்கள்

ரோஜா படுத்ததும் நாங்கள் கை தட்டினோம். ஐந்து நிமிடம் தட்டியிருப்போம். ஆம்பூர் மைதானத்தில் நாற்பது நாளாக அந்த சர்க்கஸ் நடந்துகொண்டிருந்தது. நாற்பது நாளும் ரோஜா என்ற அந்தப் பெண்புலி நெருப்பு வளையத்தைத் தாண்டிய பிறகு நேராகக் கூண்டுக்குப் போனதே இல்லை. கம்பிவலை ஓரமாக, தரை டிக்கெட்காரர்களுக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, வாயை ஒரு முழத்துக்குத் திறந்து கொட்டாவி விடுவாள். உடனே கூடாரம் மொத்தமும் கொட்டாவி விடும். போலீஸ்காரர் விடுவார், கைக்குழந்தை விடும், சோடா விற்கிறவன் விடுவான். அதைப் பார்க்கத்தான் பேரணாம்பட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்கள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள், அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்தார்கள். நான் பதினொரு தடவை பார்த்தேன். என் மனைவி லில்லி ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வந்து கொட்டாவி விட்டால் எனக்கு ரோஜா ஞாபகம்தான் வரும். சொன்னால் அடிப்பாள் என்று சொல்லாமல் இருந்தேன்.

டிக்கெட் கிடைக்காதவர்கள் தினமும் கவுன்ட்டரில் சண்டை போட்டோம். மூன்றாவதாக இன்னொரு ஷோ வேண்டும் என்று ஒரு நாள் மூங்கில் தடுப்பையே சாய்த்துவிட்டோம். சர்க்கஸ் முதலாளி பயந்துபோய்ப் பகல் பன்னிரண்டு மணிக்கும் ஒரு ஷோ போட்டார். எழுபத்தொன்பதாம் வருஷத்து மே மாதம் அது. எங்கள் ஊர் மே மாத வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு பகல் ஷோவில்தான் ரோஜா கொட்டாவி விட்டுவிட்டு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். புது வித்தை என்று நினைத்தோம். விசிலடித்தவர்களில் நானும் ஒருவன். குட்டியிலிருந்து அவளைப் பாட்டில் பால் கொடுத்து வளர்த்த சைரா உள்ளே ஓடிவந்து, அந்தப் பெரிய தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் கூடாரம் அடங்கியது.

மறுநாள் ஊர் நின்ற நிலையை என்னவென்று சொல்வேன்! பஜாரில் கடைகளை யார் சொல்லி மூடினார்கள் என்று தெரியாது, மூடிவிட்டார்கள். கட்சி போஸ்டர்களின் மேலேயே கறுப்புக் கரை போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். ஐஸ் பாக்டரியிலிருந்து பாறை பாறையாக ஐஸ் வந்து இறங்கியது. மல்லிகைப்பூ விலை ஏறிவிட்டது. மசூதித் தெருக்காரர்களும் சர்ச் தெருக்காரர்களும் யார் மாலையை முதலில் போடுவது என்று முறைத்துக்கொண்டு நின்றார்கள். புதைக்க வேண்டும் என்றது ஒரு கூட்டம். பாடம் பண்ணி ஊரில் வைக்க வேண்டும் என்றது இன்னொரு கூட்டம். பாரஸ்ட் ரேஞ்சர் வந்து பார்த்து, தோலை எடுத்துக்கொள்ளலாம் என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். சர்க்கஸ் முதலாளி லாரிமேல் ஏறி, தோலை முடியோடு பதப்படுத்திக் கொடுத்தால் பாடம் பண்ணி இந்த ஊரிலேயே நிறுத்துகிறேன், யாரால் முடியும் என்று கேட்டார்.

தோல் பதனிடும் ஷாப்புகளால் பிழைக்கும் ஊர் திடீரென்று வாயை மூடிக்கொண்டது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முடியை எடுப்பதுதான். சுண்ணாம்புக் குழியில் போட்டால் முடி கழன்றுவிடும், மழுங்கின கத்தியால் வழித்துத் தள்ளுவோம், அப்புறம்தான் மற்ற வேலை. முடியை யார் காப்பாற்றி வைத்தார்கள்? நான் வைத்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு ஆட்டுத்தோலைப் படிகாரம் போட்டு முடியோடு பதப்படுத்தியிருக்கிறேன். அந்த ஒற்றை ஆட்டை நம்பி நானும் லாரிமேல் ஏறினேன். எனக்கு இந்த வாய் ஒன்று இருக்கிறதே, அது எப்போதும் எனக்கு முன்னால் போய் நிற்கும்.

"ஒரு முடி கொட்டாம ரோஜாவ இங்க கொண்டாந்து நிறுத்தறேன். இது இன்பசேகரன் மேஸ்திரி குடுக்குற வாக்கு."

ரோஜாவுக்கு வந்த மாலையில் பாதி என் கழுத்துக்கு வந்துவிட்டது. கீழே இறங்கினபோது சைரா மட்டும் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். நாற்பது வயதிருக்கும், முந்தின ராத்திரி முழுக்கத் தூங்காத கண். வெள்ளிக்கிழமை சர்க்கஸ் ஊரைவிட்டுக் கிளம்புகிறது, நானும் போய்விடுவேன், அதற்குள் ஒருதரம் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். "அவ தோள்மேல தலைய வச்சிதாண்ணா தூங்குவேன். அந்த எடம் ஒண்ணு நல்லா இருந்தா போதும், மீதி எப்படிப் போனாலும் பரவால்ல." என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன்.

தோலை உப்பில் வைத்திருந்து, திங்கட்கிழமை அதிகாலையில் எங்கள் ஷாப்பின் கடைசி ஊறல் தொட்டியில் தனியாகப் போட்டேன். ஆறு மணிக்கே கேட்டுக்கு வெளியே ஜனம். கேமராவோடு பத்திரிகைக்காரர் ஒருவர் வேறு. நான் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, வேட்டியை மடித்துக் கட்டலாமா இறக்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புக் குழியில் வேலை பார்க்கும் பஞ்சாட்சரம் வந்து பின்னால் நின்றான். பதினாறு வருஷமாகத் தினமும் ஆறு மணிக்கு அவன் வந்து நிற்பான், நான் ஒரே வார்த்தைதான் சொல்வேன். அன்றைக்கும் கேமராவைப் பார்த்தபடியே சொன்னேன். ஊறல்ல இருக்கிறத எல்லாம் எடுத்துச் சுண்ணாம்புல போடு.

செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்க்கிறேன், கடைசித் தொட்டி காலி. குழிக்கு ஓடினேன். மேலே மஞ்சளும் கறுப்புமாக முடி மிதந்தது. கொக்கியால் இழுத்துப் பிடித்தபோது ஒரு கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பஞ்சாட்சரத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன், அவன் அப்பா தாத்தா வரைக்கும் போனேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டுச் சொன்னான்.

"இதயுமான்னு கேக்கத்தான் மேஸ்திரி நின்னேன். நீங்க போட்டோவுக்கு சிரிச்சிட்டு இருந்தீங்க."

தோலை வெளியே இழுக்க நானும் அவனுக்குக் கை கொடுத்தேன். கழுவி, முடி வழிக்கும் சாய்வு மரத்தில் போட்டு, மீதி முடியை அவன் வழிக்க ஆரம்பித்தான். பாதி முடியோடு விடவும் முடியாதே. அழுகிவிட்டது, புதைத்துவிட்டோம் என்று வெளியே சொல்லிவிடலாம் என்றான். நல்ல யோசனையாகத்தான் பட்டது. கேட்டுக்கு வெளியே முந்நூறு பேர் ரோஜா ரோஜா என்று கத்துகிற சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. எனக்கு எலும்பு மிஞ்சுமா என்பதே சந்தேகமாக இருந்தது. அந்த நேரத்தில்தான் வாட்ச்மேன், வெள்ளிக்கிழமை வரை பொறுக்க முடியாமல் வந்த சைராவை உள்ளே விட்டான்.

பொய்யை வாயில் தயாராக வைத்திருந்தேன். அவள் கையைப் பார்த்தேன். தொடுவதற்காக நன்றாகக் கழுவிக்கொண்டு, எதன்மேலும் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டு வந்திருந்தாள். உண்மையைச் சொல்லிவிட்டேன். கேமரா, எண்ணெய், சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கி அவ மூச்சு விட முடியாம கெடந்தா. நீங்கல்லாம் கை தட்டுனீங்க," என்றாள்.

என்னைத் தாண்டி உள்ளே போனாள். நான் பின்னால் ஓடினேன். பஞ்சாட்சரம் முடியை வழித்து முடித்திருந்தான். தோலில் தங்கும் நிறத்தையும் வேர் அழுக்கையும் அழுத்தித் தேய்த்து எடுப்பது அடுத்த வேலை. வெள்ளையாக வரும்வரை தேய்ப்போம், வாங்குகிறவனுக்கு வெள்ளைதான் வேண்டும். அவன் கை பழக்கத்தில் கத்தியை மறுபடி மேலே கொண்டுபோனது. சைரா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். முப்பது வருஷம் தோலிலேயே கிடந்தவன், எனக்குத் தெரியாமல் போயிற்றே! முடி ஒன்றுகூட இல்லை. ஆனால் வரி இருந்தது. வெளுத்த தோலின்மேல் கழுத்திலிருந்து வால்வரை சாம்பல் நிறத்தில் வரி வரியாக அப்படியே இருந்தது. சைரா ஒரு விரலை வைத்துத் தேடிக்கொண்டே போனாள். தோளுக்குப் பக்கத்தில் ஒரு வரி இரண்டாகப் பிரிந்து திரும்பவும் சேர்ந்தது. அங்கே விரல் நின்றது. சுண்ணாம்பு எரியும்மா என்றேன். காதில் வாங்காமல் கன்னத்தை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பஞ்சாட்சரம் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

எழுந்தபோது அவள் ஒரு கன்னம் சிவந்திருந்தது.

"வெளிய கொண்டுபோய் காட்டலாம்ணா."

"என்னைக் கொன்னுடுவாங்கம்மா. ஒரு முடி கொட்டாதுன்னு சொல்லியிருக்கேன்."

"வாக்கு குடுத்தது நீங்கதான. முன்னாடி நீங்க பிடிங்க."

முன்பக்கம் நானும் அவளும், பின்பக்கம் பஞ்சாட்சரமும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக்கொண்டோம். ஈரத்தோல் அப்படிக் கனத்தது. கேட்டைக் காலால் தள்ளித் திறந்தேன். மாலைகளோடு முண்டியடித்த கூட்டம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்ததைப் பார்த்தது. யாரோ என் பெயரைச் சொல்லிக் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தான். நாங்கள் தோலை உயர்த்திப் பிடித்தோம். பத்து மணி வெயில் பின்னாலிருந்து அதற்குள் புகுந்தது. வரி ஒவ்வொன்றும் கறுத்து எழுந்தது. ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். முன்வரிசையில் பேரணாம்பட்டுப் பீடிக்காரப் பெண் ஒருத்தி பழக்கத்தில் இரண்டு கையையும் தட்டுவதற்குத் தூக்கினாள். தூக்கினவள் அப்படியே நின்றாள். சேராமல் நின்ற அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில், அவள் சேலைமேல், ரோஜாவின் நிழல் வரி வரியாக விழுந்திருந்தது.