லண்டனில் மலை இல்லை

அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் ரஃபத் ஜஹானுக்கு இப்போதும் முகம் மலர்ந்துவிடும். கணவர் கடல் தாண்டிப் போயிருந்த காலம் அது. அதில் முக்கால்வாசி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கழித்த காலமும்கூட. இருந்தும் அவள் மனசில் இனிப்பாய்த் தங்கியது அதுதான். ஏன் என்று யாராவது கேட்டால் நேராகப் பதில் சொல்ல மாட்டாள். தபால் வந்த கதையிலிருந்து ஆரம்பிப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் வருஷம். ஆம்பூரில் மக்பூல் அகமதுவின் டேனரியில் ஆவாரம்பட்டை போட்டுப் பதம் செய்த தோல் எல்லாம் லண்டனுக்குத்தான் போகும். அங்கே ஏலத்தில் என்ன நடக்கிறது என்று தன் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று அவர் தை மாதம் பம்பாய் போய்க் கப்பல் ஏறினார். ஆறு மாதத்தில் திரும்புவதாகப் பேச்சு. போன இடத்தில் படம் பிடிக்கிற கோடக் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டார். கடிதம் எழுதச் சோம்பல்படுகிற மனுஷர். உருதுவில் நாலு வரிக்கு மேல் போகாது. ஆனால் உறை பிதுங்கப் பிதுங்கப் படங்கள் வரும். பாலம், ஆறு, மாதா கோயில், இரண்டு மாடி பஸ். பின்னால் 'லண்டன்' என்று ஒரே ஒரு சொல் இருக்கும்.

ரஃபத் ஜஹான் வேலூரில் பிறந்தவள். பதினாறு வயதில் திரை கட்டிய வண்டியில் ஏறி ஆம்பூர் வந்து இறங்கினாள். அதற்குமேல் உலகம் என்று அவள் பார்த்தது முற்றத்துக்கு மேலே தெரிகிற வானமும், மாடிச் சாளரத்தில் தெரிகிற மலைத்தொடரும்தான். படங்களில் கடைப்பலகைகள் இருந்தன. பலகைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டு ஆண்களிடம் கேட்கக் கூச்சம். பின்தெருவில் குடியிருந்த ராஜம்மாளைக் கூப்பிட்டனுப்பினாள்.

ராஜம்மாள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இவளைவிட இரண்டு வயது மூத்தவள், முப்பது நடந்துகொண்டிருந்தது. புருஷன் தவறிப்போன பிறகு மதராஸில் படித்து வேலைக்கு வந்தவள். படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பலகைகளை வாசித்துச் சொன்னாள். கடைசிப் படத்தைக் கீழே வைக்க மனசு வரவில்லை.

"பேகம், நான் இன்னா சொல்றேன்னா, எங்க இஸ்கூல்ல ஒரே ஒரு மேப்பு. அதுலயும் ஐரோப்பாவைக் கரையான் தின்னுட்டுது. இந்தப் படங்களை ஒரு நாளைக்குக் குடுத்தீங்கன்னா பொண்ணுங்களுக்குக் காட்டிட்டுப் பத்திரமா கொண்டாந்துடுவேன்."

"குடுக்கறேன் டீச்சரம்மா. ஆனா பசங்களுக்குச் சொல்றதை எனக்கும் சொல்லணும்."

புதன்கிழமைதோறும் பள்ளிக்கூடம் விட்டதும் ராஜம்மாள் வருவாள். தன்னுடைய பழைய அட்லஸை முந்தானையில் சுற்றிக்கொண்டு வருவாள். இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து படத்தையும் அட்லஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். தோலின் மேற்பரப்பில் தெரியும் மணிகளைப் பார்க்க டேனரியில் வைத்திருந்த பூதக்கண்ணாடி ஒன்று உள்வீட்டுக்கு வந்துவிட்டது. பச்சை என்றால் சமவெளி, பழுப்பு என்றால் மலை, நீலக்கோடு ஆறு. நடுப்பகலிலும் நிழல் நீளமாக விழுந்தால் சூரியன் தாழ்ந்திருக்கிறது, ஊர் வடக்கே இருக்கிறது. தேம்ஸ் நதிப் படத்தைப் பார்த்துவிட்டு வகுப்பில் பெண்கள் கேட்ட கேள்வியை ராஜம்மாள் வந்து சொன்னாள்: "ஆத்துல எப்பவும் தண்ணி ஓடுமா டீச்சர்?" பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்புகிற பெண்கள் வேறென்ன கேட்பார்கள்! ரஃபத் ஜஹான் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆடி பிறந்தது. அவர் திரும்பவில்லை. ஏலம் இழுத்துக்கொண்டே போகிறது, இன்னும் சில மாதம் ஆகும் என்று கடிதம் வந்தது. லண்டன் தபால் முத்திரைதான். உள்ளே இருந்த படங்கள் மட்டும் வேறு மாதிரி. உச்சியெல்லாம் பனி மூடிய மலைகள், ஊசி ஊசியாய் மரங்கள், ஒரு ஏரி. 'லண்டனுக்குப் பக்கத்தில்' என்று எழுதியிருந்தார். ரஃபத் ஜஹான் அழகைப் பார்த்து மகிழ்ந்தாளே ஒழிய வேறெதுவும் நினைக்கவில்லை. படங்களை ராஜம்மாளிடம் கொடுத்தனுப்பினாள்.

அடுத்த புதன்கிழமை ராஜம்மாள் பாயில் உட்காருவதற்கு முன்பே சொன்னாள். "எங்க கிளாஸ்ல கமலம்னு ஒரு பொண்ணு. கேட்டா பாருங்க ஒரு கேள்வி! 'லண்டனைச் சுத்திப் பச்சையாத்தானே டீச்சர் இருக்குது, இவ்ளோ பெரிய மலை எங்கருந்து வந்துச்சு?'ன்னு. அட்லஸைப் பாத்துட்டுச் சொல்றேன்னுட்டேன்."

இருவரும் அட்லஸைப் பிரித்தார்கள். இங்கிலாந்தின் தென்பகுதி முழுவதும் பச்சை. வேனிற்காலத்திலும் பனி நிற்கிற மலையைத் தேடி ரஃபத் ஜஹானின் விரல் கடலைத் தாண்டி, பிரான்ஸைத் தாண்டி, கரும்பழுப்பு படிந்த இடத்தில் போய் நின்றது. ஸ்விட்சர்லாந்து.

"ஏலம் அங்க ஏன் நடக்குது?" என்றாள் ரஃபத் ஜஹான்.

ராஜம்மாள் கையில் இன்னொரு படம் இருந்தது. நீளமான திறந்த வராந்தா. வரிசையாகச் சாய்வுக்கட்டில்கள். அதில் கழுத்துவரை கம்பளி போர்த்திக்கொண்டு வெயிலில் படுத்திருக்கிற மனிதர்கள். ஏதோ பெரிய ஓட்டல், துரைமார்கள் வெயில் காய்கிறார்கள் என்றுதான் ரஃபத் ஜஹான் நினைத்திருந்தாள். ராஜம்மாள் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு படத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னா டீச்சரம்மா? சொல்லுங்க."

"எங்க வூட்டுக்காரர் மதனப்பள்ளி ஆஸ்பத்திரியில பதினோரு மாசம் இருந்தாரு, பேகம். அங்கயும் இப்படித்தான். வராந்தாவுல கட்டிலு, கம்பளி. மலைக்காத்து வாங்கணும்னு டாக்டருங்க படுக்க வெச்சிருப்பாங்க." கவிழ்த்த படத்தைத் திருப்பிக் காட்டினாள். "இது நெஞ்சு சீக்கு, க்ஷயம் வந்தவங்க இருக்கற இடம்."

வாசலில் தோல் ஏற்றிய வண்டி ஒன்று கடகடவென்று போயிற்று.

"நல்லாகி வந்தவங்களும் நெறைய பேரு இருக்காங்க," என்றாள் ராஜம்மாள். "என் கண்ணால பாத்திருக்கேன். பொய் சொல்லலை."

ரஃபத் ஜஹான் அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. நோய் வந்ததற்கு இல்லை. தன்னை ஏமாற்ற லண்டன் சிநேகிதர் யாருக்கோ கடிதங்களை அனுப்பி, அங்கிருந்து தபாலில் போடச் சொல்லியிருக்கிறாரே, அதற்கு! மாமியாருக்குத் தெரிந்தால் உயிரையே விட்டுவிடுவார். அவரிடம் மூச்சு விடவில்லை. ஒரு ராத்திரிகூடப் பொறுக்காமல் அன்று மாலையே, வழக்கமான லண்டன் விலாசத்துக்கே எழுதப் பேனாவை எடுத்தாள். கடிதம் எழுதுவதில் கணவருக்கு இருந்த சோம்பல் அவளுக்கு இல்லை.

'லண்டனில் மலை இல்லை. நீங்கள் இருக்கும் இடம் லண்டனுக்குத் தென்கிழக்கே ஐந்நூறு மைல். உங்கள் வராந்தா தெற்கு பார்த்தது, நிழலைப் பார்த்துச் சொல்கிறேன். கம்பளியை ஒழுங்காகப் போர்த்திக்கொள்ளுங்கள். டாக்டர் என்ன சொல்கிறாரோ அதை என்னிடமும் சொல்லுங்கள். இன்னொரு விஷயம். இங்கே முப்பத்திரண்டு பெண்கள் உங்கள் படங்களைப் பார்த்துப் பூகோளம் படிக்கிறார்கள். இனிமேல் படத்துக்குப் பின்னால் ஊர்ப்பேரைச் சரியாக எழுதவும். பிள்ளைகள் தப்பாகப் படித்தால் பாவம் உங்களைச் சேரும்.'

பதில் வர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் ராஜம்மாள் புதன்கிழமை மட்டுமல்ல, நினைத்தபோதெல்லாம் வந்தாள். பாடம் நடக்காது. சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள்.

வந்த உறையில் ஒரே ஒரு படம். அதுவரை அவர் தன்னைப் படம் எடுத்து அனுப்பியதே இல்லை. இந்தப் படத்தில் அவர் இருந்தார். கன்னம் ஒட்டிப்போய், தாடி நரைத்து, கழுத்துவரை கம்பளியோடு. பின்னால் பொடி எழுத்தில் ஊர்ப்பேர், 'டாவோஸ்', உயரம் ஐயாயிரத்துச் சொச்சம் அடி, அன்றைய குளிர் எவ்வளவு என்பதுவரை எழுதியிருந்தார். கூடவே பதினான்கு பக்கக் கடிதம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் அவ்வளவு பேசியதில்லை. இருமலில் ரத்தம் கண்டது, பயந்தது, ஊரில் சொல்ல வாய் வராதது, பனியில் காலை வெளிச்சம் விழுவது, பக்கத்துக் கட்டில்காரர் ஒருநாள் காலையில் இல்லாமல் போனது, எல்லாமே அதில் இருந்தது.

அதற்குப் பிறகு வாரம் ஒரு கடிதம். இவளும் எழுதினாள். நடக்க அனுமதி கிடைத்ததும் அவர் கோடக் பெட்டியோடு ஏரிவரை போனார், ரயில் ஸ்டேஷன்வரை போனார். ஒவ்வொரு படமும் ரஃபத் ஜஹானிடம் வந்து, ராஜம்மாளிடம் போய், முப்பத்திரண்டு பெண்களின் கையில் புரண்டு, ஓரம் மடங்கித் திரும்பி வந்தது. வெளியூர்ப் பிரயாணமே அறியாத பிள்ளைகள் ஆல்ப்ஸ் மலையின் கணவாய்களை ஒப்பித்தார்கள்.

மறுவருஷம் புரட்டாசியில் மக்பூல் அகமது ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கினார். உடம்பு தேறியிருந்தது. சுண்ணாம்புக் குழி பக்கமும் பட்டைத் தூசு பக்கமும் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் டேனரியைத் தம்பி ரஷீத் அகமது பார்த்துக்கொண்டார். இவர் பகலெல்லாம் வீட்டில் இருந்தார்.

ஒருநாள் ராஜம்மாள் வகுப்பையே வரிசையாக அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். படம் எடுத்தவரைப் பார்க்க வேண்டுமாம். கூடத்தில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பிறர் முன்னால் கணவரோடு உட்காரக் கூச்சப்பட்டு மூங்கில் தட்டிக்குப் பின்னால் ரஃபத் ஜஹான்.

கமலம் எழுந்து நின்றாள். "அய்யா, உங்க ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு ஆறு ஓடுச்சே, அந்தத் தண்ணி எங்க போவுது?"

பதினான்கு மாதம் அந்த ஆற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவர் விழித்தார். தாடியைத் தடவினார். "அது... கீழ போவுதும்மா," என்றார்.

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "ரைன் நதியில சேருது. அப்புறம் வடக்கால போய், இங்கிலாந்துக்கு எதிர்க்கரையில கடல்ல விழுவுது."

மக்பூல் அகமது திரும்பித் தட்டியைப் பார்த்தார். பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். பலமாகச் சிரித்தால் இருமல் கிளம்புமே என்று ரஃபத் ஜஹான் செம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு தட்டி ஓரம்வரை வந்துவிட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். இருமல் வரவில்லை.