கதவைத் திறந்தவள்

லியோனா தெத்ரோ கனடாவின் வின்னிபெக் நகரச் சட்டமன்றக் கட்டடத்தில் சாட்சி சொல்ல உட்கார்ந்த அன்று, வெளியே மார்ச் மாதத்துப் பழைய பனி அழுக்கேறிக் கிடந்தது. டிசம்பர் பனிப்புயலைப் பேருந்துகளும் ரயில்களும் எப்படிச் சமாளித்தன என்று விசாரிக்க ஒரு குழு போட்டிருந்தார்கள். பத்தொன்பது வருடமாக வின்னிபெக்–பிராண்டன் தடத்தில் பேருந்து ஓட்டும் லியோனாவின் வண்டிதான் அந்தப் புயலில் பதினொரு மணி நேரம் நெடுஞ்சாலையில் சிக்கிக்கொண்டது. பயணிகளில் ஒருவரான ஐனார் ஸ்வேன்சன், எழுபத்திரண்டு வயதுக்காரர், உதவி கேட்க இறங்கி நடந்தார். மறுநாள் காலை வயல்வெளியில் உறைந்து கிடந்தார்.

அவருடைய மகள் சிக்ரிட் மூன்றாவது வரிசையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

லியோனாவுக்கு முன்னால் பேசிய பேருந்து நிறுவன அதிகாரி, "வண்டியைத் திருப்புறதா வேண்டாமான்னு ஓட்டுநர்தான் முடிவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டு அமர்ந்திருந்தார்.

"அப்புறம் நீங்க ஏன் திருப்பலை?" என்று குழுத் தலைவி கேட்டார்.

"திருப்பணும்னுதான் டிப்போவுக்குப் போன் பண்ணேன். போர்ட்டேஜ் ஊரைத் தாண்டினதும் கண்ணாடிக்கு முன்னாடி வெறும் வெள்ளை. அங்க வண்டிகளை அனுப்புற ஆர்வில்தான் எடுத்தாரு. 'என்ன லியோனா, பனியை இன்னைக்குத்தான் பாக்கிறியா? பேசாம ஓட்டு'ன்னாரு. ஓட்டினேன். ஒரு மணி நேரத்துல குளிர்ல டீசல் உறைஞ்சு கூழாயிடுச்சு. எஞ்சினும் நின்னுது, ஹீட்டரும் நின்னுது."

"அப்படி ஒரு அழைப்பு வந்ததா நிறுவனத்தோட பதிவுல இல்லையே?"

நிறுவன ஆட்களோடு உட்கார்ந்திருந்த ஆர்வில் க்ரோசக் எழுந்தார். பக்கத்திலிருந்த வக்கீல் அவர் கையைப் பிடித்தார், அவர் விடுவித்துக்கொண்டார்.

"வந்துச்சுங்க. நான்தான் எழுதலை" என்றார். "அதுக்கு முந்தின வாரம் ஒருத்தர் பாதியில வண்டியைத் திருப்பினாரு. அதுக்கு என்னைக் கூப்பிட்டு நிக்கவெச்சுக் கேள்வி கேட்டாங்க. மறுபடி நிக்க பயமா இருந்துச்சு. அதான் ஓட்டச் சொன்னேன்."

லியோனா அதோடு நிறுத்தியிருக்கலாம். பழி அவள் தலையிலிருந்து இறங்கிவிட்டது. ஆனால் அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இன்னொண்ணும் சொல்லணும். இறந்துபோன அந்தப் பெரியவருக்குக் கதவைத் திறந்துவிட்டது நான். தூரத்துல பண்ணை வீட்டு விளக்கு தெரியுதுன்னாரு. போகாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை சொல்லலை. உள்ள ஒரு கைக்குழந்தை அழுதுட்டே இருந்துச்சு. யாராவது போனா தேவலைன்னு எனக்கும் தோணிச்சு."

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவளைப் போகலாம் என்றார்.

தாழ்வாரத்தில் லியோனா காப்பி இயந்திரத்தின் முன்னால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் நின்றாள். சிக்ரிட் வந்து அவளுக்கும் சேர்த்து இரண்டு கோப்பை எடுத்தாள்.

"அப்பா பிடிவாதக்காரர். நீங்க மூணாவது தடவை சொல்லியிருந்தாலும் போயிருப்பார்" என்றாள். "உங்க மேல கோபம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா மூணு மாசமா எல்லாரும் எங்கிட்ட காகிதத்தைப் பாத்து வாசிச்சாங்க. நடந்ததை நீங்க ரெண்டு பேர்தான் சொன்னீங்க."

லியோனா அழுதாள். சிக்ரிட் அவளைத் தொடவில்லை. காப்பி தீரும்வரை கூடவே நின்றாள்.

ஜூனில் அறிக்கை வெளிவந்தது. புயலில் வண்டியைத் திருப்ப ஓட்டுநர் யாரையும் கேட்க வேண்டியதில்லை, அதற்காக அவரை யாரும் தண்டிக்கவும் கூடாது என்று இலையுதிர் காலத்துக்குள் விதி வந்தது. எஞ்சின் நின்றாலும் எரியும் தனி ஹீட்டர், ஆளுக்கொரு கம்பளி எல்லா வண்டியிலும் ஏறின. ஆர்விலை நிறுவனம் வேலையைவிட்டு அனுப்பியது. அவர் டாஃபின் பக்கம் தன் அண்ணனோடு தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறார்.

அடுத்த ஜனவரியில் ஒரு மத்தியானம், பனி கொட்டத் தொடங்கியதும், லியோனா போர்ட்டேஜிலேயே வண்டியைத் திருப்பினாள். பின்னாலிருந்து ஒரு இளைஞன் கத்தினான்: "இதுக்குப் போயா திருப்புறீங்க? எங்க பாட்டி இதைவிட வேகமா ஓட்டும்!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். "அப்ப அவங்களையே வரச் சொல்லு. நான் எறங்கிக்கிறேன்" என்றாள் லியோனா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று புயல் பெரிதாக வரவில்லை. வின்னிபெக்கில் இறங்கும்போது எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். இருபத்தாறு பேரும் இறங்கி முடியும்வரை அவள் படியருகே நின்று எண்ணினாள்.